மண்ணுக்குக் கொடுத்த சம்பளம்

மேஜர் துரையைப் பற்றி நாற்பது வருசமாக நான் நல்லதையே சொல்லி வந்திருக்கிறேன். பிள்ளைகளுக்குச் சொன்னேன், பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னேன், ஆஸ்பத்திரியில் நம்பர் எடுத்துக்கொண்டு காத்திருக்கும்போது பக்கத்துக் கதிரையில் இருந்த முகம் தெரியாத மனுசிகளுக்கும் சொன்னேன். பொய் சொல்லாத ஒரு மனுசனை என் சீவியத்தில் கண்டிருக்கிறேன் என்றுதான் தொடங்குவேன். இப்போது அந்தக் கதைகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பி வாங்க வேண்டியிருக்கிறது. கேட்டவர்களில் பாதிப்பேர் உயிரோடு இல்லை. அதை நினைத்தாலும் நித்திரை வருவதில்லை.

துரை என்று நாங்கள் கூப்பிட்டது மரியாதைக்கு. அவருடைய சொந்தப் பெயரை எழுதப் போவதில்லை. மறந்து போகவில்லை. வெளிநாட்டில் அவருக்கு ஒரு மகள் இருக்கிறாளாம். அந்தப் பிள்ளை எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை.

எங்கள் காணி கற்பிட்டி ரோட்டில் இருந்து களப்புத் தண்ணீரை நோக்கி இறங்கும் இடத்தில். ஒரு ஏக்கர் தென்னை, நடுவில் ஒரு மண்மேடு. அந்த மேட்டில் எதை நட்டாலும் பிடிக்காது. ஒரு சாண் தோண்டினால் பழைய பானை ஓடு. கல்யாணம் கட்டி வந்த புதிதில் ஓடு காலைக் கிழித்து ஏற்பு நோய் வந்துவிடும் என்று நான் வளவுக்குள்ளேயே செருப்புப் போட்டு நடப்பேன். மாமியார் வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள். அந்தப் பழங்காலத்து ஓட்டைத் தோண்டி ஆராயத்தான் துரை ஒரு ஜீப்பில் வந்து இறங்கினார்.

அப்போதே அவருக்கு அறுபது தாண்டியிருக்கும். காக்கி அரைக்காற்சட்டை, காலில் முழங்கால் வரை இழுத்துப் போட்ட மேசு, கழுத்தில் கயிறு கட்டிய விசில். வெள்ளைக்காரன் காலத்தில் ஆமியில் சேர்ந்து, எங்கேயோ ஒரு பாலைவனத்தில் சண்டைக்குப் போனவர். அங்கே பதுங்குவதற்கு அவசர அவசரமாகக் கிடங்கு வெட்டியபோது, மண்ணுக்குள் இருந்து முழுப் பானைகள் வந்ததாம். குண்டு விழுகிற நேரத்தில் பானையை யார் பார்ப்பது? மண்வெட்டியால் அடித்து நொறுக்கிப்போட்டுத்தான் உள்ளே குந்தியிருந்திருக்கிறார்.

"அந்தக் கிடங்கை நான் வேகமாக வெட்டினேன்" என்பார். "அதற்காகத்தான் இப்போது மெதுவாக வெட்டுகிறேன்."

அவருடைய தமிழ் அப்படித்தான். பட்டாளத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த ஒரு யாழ்ப்பாணத்து மாஸ்டரிடம் படித்ததாம். பேச்சுத் தமிழே வராது. எல்லாருக்கும் மரியாதை வேறு. எங்கள் வீட்டு நாய் ஜிம்மி கிடங்குக்குள் இறங்கிப் படுத்தால், "ஜிம்மி, தயவுசெய்து எழும்புங்கள்" என்பார். அது எழும்பாது. அவர் காத்திருப்பார்.

என் மனுசன் என்னிடம் சொல்வார்: "அந்த நாய்க்குக் கிடைக்கிற மரியாதையில கால்வாசி எனக்கு இந்த வீட்டில இருக்கா?"

"நீங்களும் சொன்ன உடன எழும்பாம படுத்துக் கிடந்து பாருங்க. கிடைக்கும்."

கிடங்கு வெட்டும் ஆட்களுக்குத் தலைவர் கற்பிட்டியில் இருந்து வந்த முஸ்லிம் அண்ணன் ஒருவர். எங்கள் எல்லாருக்கும் அவர் நானாதான். துரை பேசுவதைக் கேட்டால் நானா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார். "தங்கச்சி, ஒங்கட கோயில்ல சுவாமி பைபிள் வாசிக்கிற மாதிரியே ஈக்கிது. ஆமீன் எண்டு சொல்லத் தோணுது."

வெயில் காலத்தில் இரண்டு மாதம் வருவார். மூன்று வருசம் வந்தார். காலையில் விசில் ஊதி ஆட்களை வரிசையில் நிறுத்தி எண்ணுவார். இரும்பு முளை அடித்து நூல் கட்டிச் சதுரம் சதுரமாகப் பிரிப்பார். மேல் மண்ணுக்கு மட்டும்தான் மண்வெட்டி, பிறகு மேசன்மாரின் சாந்தகப்பை, அதன் பிறகு பெருக்குகிற தும்புத்தடி. கிடங்கின் சுவர் கத்தியால் பேக்கரிப் பாண் வெட்டிய மாதிரி நேராக இருக்க வேண்டும். சுவரில் மண்ணின் நிறங்கள் தெரியும்: மேலே சாம்பல், அதன்கீழ் மஞ்சள், அதற்கும் கீழே சிப்பி கலந்த வெள்ளை. "யாராவது முன்பு கிளறியிருந்தால் இந்த நிறங்கள் கலந்துபோயிருக்கும். ஆணி உக்கினாலும் சிவப்புக் கறை இருக்கும். மண் எதையும் மறைக்காது" என்பார். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அவர் சொன்னதில் எனக்கு விளங்கியது இது ஒன்றுதான். இது இப்போதும் ஞாபகம் இருக்கிறது, கெட்டகாலம்.

ஒரு கிடங்கைப் பார்த்து முடித்தால் அதை மூட வேண்டும். மூடும் முன் அவர் ஏணியில் தானே இறங்குவார். காற்சட்டைப் பையில் ஒரு தீப்பெட்டி. அதற்குள் அந்த வருசத்துப் புது இருபத்தைந்து சதக் காசுகள். புத்தளத்தில் பாங்கில் கேட்டு மாற்றிக்கொண்டு வருவார். அதில் ஒன்றை எடுத்து, வருசம் போட்டிருக்கும் பக்கம் மேலே பார்க்க, கிடங்கின் அடியில் வைப்பார். பிறகு ஏறி வந்து விசில் ஊதினால் மண் விழும்.

"மண்ணுக்கே சம்பளம் குடுக்கிற துரைய இப்பத்தான் பாக்கிறன்" என்றார் நானா.

நான்தான் ஒருநாள் கேட்டேன். காசு போடுவது ஏதும் செய்வினையாக இருக்குமோ என்று எனக்குப் பயம்.

அவர் சிரிக்கவில்லை. "எனக்குப் பிறகும் யாராவது இங்கே வெட்டுவார்கள் அம்மா. ஐம்பது வருடம் கழித்தும் வெட்டலாம். அவர் பாடுபட்டுக் கீழே வந்து ஏமாறக் கூடாது. இந்தக் காசைக் கண்டால் விளங்கும், இங்கே ஒருவன் வந்து பார்த்து முடித்துவிட்டான், இனித் தேட வேண்டியதில்லை என்று."

பிறக்காத ஒருவன் ஏமாறக் கூடாது என்று கவலைப்படுகிற மனுசன்! என்னைப் போல் ஒரு ஆள் உலகத்தில் இருக்கிறதே என்று எனக்கு ஒரு ஆறுதல்.

எனக்கு அவர் தந்த வேலை ஓடு கழுவுவது. பேசினில் தண்ணீர், பல்லுத்தூரிகை. காய்ந்த பிறகு ஒவ்வொரு ஓட்டிலும் கறுப்பு மையால் நம்பர் எழுத வேண்டும். நம்பர் பிழைத்தால் எந்தக் கிடங்கு, எந்த ஆழம் என்று தெரியாமல் போய்விடும். எழுதியதை மூன்று தரம் பார்ப்பேன். வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்கும்போது சந்தேகம் வந்து திரும்பி ஓடி வந்து நாலாம் தரமும் பார்ப்பேன். அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று ஊரே என்னைப் பகிடி பண்ணுகிற குணம் அது.

துரை அதைக் கவனித்திருக்கிறார். ஒருநாள் எல்லாருக்கும் முன்னால் சொன்னார்: "இந்த அம்மா எழுதிய நம்பர்களில் ஒரு பிழையும் இல்லை. பயப்படுகிறவர்கள்தான் இந்த வேலைக்கு வேண்டும்."

என் பயத்தை ஒரு கெட்டித்தனம் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னாலும் நான் நம்பாமல் இருந்திருப்பேனா?

இரண்டாம் வருசம் ஒரு களவு நடந்தது. கிடங்கில் இருந்து வந்த ஒரு நீலக் கண்ணாடி மணியைக் காணவில்லை. நெல்லளவு மணி. துரை யாரையும் ஏசவில்லை, சட்டைப்பையைத் தடவிப் பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் கிடங்கின் விளிம்பில் போய் நின்றார். ஆமிக்காரர் நிற்கிற மாதிரி, கை இரண்டும் தொடையோடு ஒட்டி, கண் நேரே. பத்து மணி வெயில். நானா போய்க் கெஞ்சினார்.

"என்னுடைய கிடங்கில் களவு போனால் குற்றவாளி நான்" என்றார். "எங்கள் படையில் இதுதான் தண்டனை."

நான் தேத்தண்ணி கொண்டு போனேன். வாங்கவில்லை. கழுத்து நெருப்பாகச் சிவந்தது. மனுசன் விழுந்து செத்துப்போனால் பொலிஸ் எங்கள் வளவுக்கல்லவா வரும் என்று நான் அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தேன். பன்னிரண்டு மணிக்கு யாரோ மணியை மண் சலிக்கிற அரிதட்டில் போட்டுவிட்டார்கள். யார் என்று துரை கேட்கவேயில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு, "வேலையைத் தொடங்குங்கள்" என்றார்.

இந்தக் கதையைத்தான் நான் ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் சொன்னேன்.

இனி நான் யாருக்கும் சொல்லாத கதை.

துரை வருவதற்கு ஒரு வருசம் முந்தி எங்களுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. தலைப்பிள்ளை. நாள் சேராமல் பிறந்தது. என் மனுசன் கடலில். எனக்கு மயக்கம். மருத்துவம் பார்க்க வந்தவர் ஒரு முஸ்லிம் கிழவி, நல்ல மனுசி, தன்னால் முடிந்ததெல்லாம் செய்தார். பிள்ளை அரைநாள் இருந்தது. ஆபத்துக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். நெற்றியில் தண்ணீரை ஊற்றி மூன்று சொல் சொன்னால் போதும். அதைச் செய்ய அந்த அறையில் தெரிந்த ஆள் இருக்கவில்லை. தெரிந்த நான் மயங்கிக் கிடந்தேன். எனக்கு நினைவு வந்தபோது பிள்ளை போய்விட்டது.

ஞானஸ்நானம் இல்லாத பிள்ளையைக் கோயில் சேமக்காலையில் அடக்கம் பண்ண முடியாது என்று கோயில் மூப்பர் சொன்னார். அந்தக் காலத்து வழக்கம். என் மனுசன் ஒரு சவர்க்காரப் பெட்டியில் பிள்ளையை வைத்து, நாலு ஆணி அடித்து, எங்கள் வளவில் மேட்டின் வடக்கு மூலையில் புதைத்தார். அடையாளமாக எதையும் வைக்க எனக்குத் துணிவு வரவில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போனாலும் என் கால் அந்த இடத்தில் நிற்கும்.

இரண்டாம் வருச முடிவில் துரை ஒரு செங்கல் சுவரைக் கண்டுபிடித்தார். பழைய காலத்து வியாபாரிகள் சரக்கு இறக்கி வைத்த கட்டடமாக இருக்கும் என்றார். அது எங்கே முடிகிறது என்று தெரிந்தால் முழுக் கட்டடமும் பிடிபட்டுவிடுமாம். சுவர் வடக்கே போனது. மூன்றாம் வருசம் வந்த முதல் நாளே அவர் நூலை இழுத்தார். முளை சரியாகப் பிள்ளை கிடந்த இடத்துக்கு மேலே.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. ஓடிப்போய் முளையைப் பிடுங்கி எறிந்தேன். ஆட்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். துரை அவர்களைத் தேத்தண்ணி குடிக்க அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார். சொன்னேன். என் தாய்க்குக்கூட நான் அப்படி முழுதாகச் சொன்னதில்லை.

அவர் தொப்பியைக் கழற்றினார்.

"இந்த மூலைக்கு நான் வர மாட்டேன் அம்மா. தாங்களாக வந்து சொல்லாமல் ஒரு பிடி மண் எடுக்க மாட்டேன். இது ஒரு படைவீரனுடைய வாக்கு."

பிறகும் அந்த மாதத்தில் இரண்டு தரம் கேட்டார். மெதுவாக, மரியாதையாகத்தான். "சுவர் அங்கேதான் திரும்புகிறது அம்மா. பிள்ளையை நாங்கள் பத்திரமாக எடுத்து, மறுபடியும் வைக்கலாம்." நான் தலையை ஆட்டினேன். "சரி, வாக்கு வாக்குதான்" என்றார். சாயங்காலத்தில் சுவர் நின்ற இடத்தில் கதிரையைப் போட்டு, வடக்கு மூலையைப் பார்த்தபடி இருப்பார்.

அப்போதுதான் தலவில அன்னம்மாள் கோயில் திருவிழா வந்தது. பிள்ளை போனதில் இருந்து நான் திருவிழாவுக்குப் போனதில்லை. துரைதான் என் மனுசனைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தாங்கள் இருவரும் போய் மூன்று நாள் இருந்துவிட்டு வாருங்கள். ஜீப்பில் கொண்டுபோய் விடச் சொல்கிறேன். என்னுடைய கூடாரத்தை எடுத்துச் செல்லுங்கள். வீட்டையும் ஜிம்மியையும் நான் பார்த்துக்கொள்கிறேன்."

ஆமிக் கூடாரத்தில் நாங்கள் ராசா ராணி மாதிரி இருந்தோம். நான் அன்னம்மாளின் முன்னால் முழங்காலில் நின்று பிள்ளைக்காக அழுதேன். துரைக்காகவும் மெழுகுதிரி ஏற்றினேன். ஏற்றினேன், அந்தப் பெரிய திரியை.

திரும்பி வந்தபோது மத்தியானம். துரை மேட்டில் வெயிலில் நின்றார். தொப்பி இல்லை. கை இரண்டும் தொடையோடு ஒட்டியபடி.

கிட்ட ஓடினேன். "என்ன துரை, திரும்பக் களவு போயிட்டுதா?"

"இல்லை அம்மா. ஒன்றுமில்லை. சும்மா நிற்கிறேன்."

உள்ளங்கைகளில் துணி சுற்றியிருந்தது. கயிறு உரஞ்சிவிட்டது என்றார். வடக்கு மூலையில் மண் பெருக்கித் துப்புரவாக்கி, களப்பில் இருந்து எடுத்து வந்த பன்னிரண்டு முருகைக்கற்கள் வட்டமாக வைக்கப்பட்டிருந்தன. வெள்ளை வெளேரென்று.

"பிள்ளைக்கு ஒரு அடையாளம் வேண்டும் என்று நினைத்தேன்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் அவருடைய காலில் விழப் போனேன். அவர் பின்னால் நகர்ந்து, ஏணியில் இடறி, விழப் பார்த்தார். அன்றைக்கு நான் வைத்த மீன்குழம்பை அவர் தொடவில்லை. வெயில் பட்டுவிட்டது, பசியில்லை என்றார். நான் அதற்கும் கவலைப்பட்டு எலுமிச்சம் தண்ணீர் கரைத்துக் கொடுத்தேன்.

அந்த வாரமே சாமான் கட்டத் தொடங்கினார். இன்னும் மூன்று வாரம் வேலை இருந்தது. சுவர் போதும் என்றார். நம்பர் எழுதிய பெட்டிகளை நானா ஆணி அடித்து லொறியில் ஏற்றினார். ஒரு சின்னப் பெட்டியை மட்டும் துரை யாரிடமும் கொடுக்கவில்லை. ஜீப்பில் ஏறி மடியில் வைத்துக்கொண்டார். ஏதோ உடையக்கூடிய கண்ணாடிச் சாமான் என்று நினைத்தேன். கற்பிட்டி ரோடு அந்த நாளில் முழுதும் குழி. பெட்டி குலுங்கி உடைந்துவிடுமே என்று ஓடிப்போய், என்னுடைய பழைய சீத்தைத் துணி ஒன்றை எடுத்து வந்து நாலாக மடித்துக் கொடுத்தேன். சிவப்புக் கரை, ஒரு மூலையில் நான் போட்ட ஒட்டு.

"இதைக் கீழ வையுங்க துரை. குலுங்காது."

அவர் அதை வாங்கினார். ஏதோ சொல்ல வாயைத் திறந்து, பிறகு டிரைவரிடம் "போங்கள்" என்றார். அதற்குப் பிறகு வரவில்லை. நாட்டில் பிரச்சினை தொடங்கிவிட்டது. கொழும்பில் செத்துப்போனார் என்று பேப்பரில் பார்த்ததாக என் மனுசன் சொன்னபோது நான் ஒரு பூசை ஒப்புக்கொடுத்தேன்.

ஒவ்வொரு வருசமும் மரித்த விசுவாசிகள் நாளுக்கு அந்தப் பன்னிரண்டு கல்லுக்கும் சுண்ணாம்பு அடித்தேன். என் மனுசன் போன பிறகு தனியாக அடித்தேன்.

போன வருசம் பிள்ளைகள் காணியை விற்போம் என்றார்கள். காற்றுப் பட்டம் கட்டித் தண்ணீரில் ஓடுகிற வெள்ளைக்காரர் இப்போது இந்தப் பக்கம் நிறைய வருகிறார்கள். அவர்களுக்கு ஹோட்டல் கட்ட ஒரு ஆள் காணியைக் கேட்டார். எனக்கு ஒரே ஒரு யோசனை. நேராகக் கோயிலுக்குப் போய்ப் புதுச் சுவாமியிடம் சொன்னேன். அவருக்கு என் பேரனைவிட ஒரு பத்து வயது கூட இருக்கும்.

"அம்மா, நாற்பது வருசமாவா இதைச் சுமந்துகொண்டு திரியுறீங்க? பிள்ளையைக் கொண்டு வாங்க. அப்பாவுக்குப் பக்கத்திலயே வைப்போம்" என்றார்.

நான் அங்கேயே இருந்து அழுதேன். மகள் சிலாபத்துக்குப் போய் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி வாங்கி வந்தாள். சேமக்காலையில் குழி வெட்டியாயிற்று. ஒரு சனிக்கிழமை காலை, சுவாமி செபம் சொல்ல, இரண்டு பெடியன்கள் கல்லை நகர்த்திவிட்டு வெட்டத் தொடங்கினார்கள்.

மூன்று அடியில் ஒன்றும் இல்லை. மகள் என் தோளைப் பிடித்தாள். "அம்மா, சின்னப் பிள்ளைட எலும்பு. கரைஞ்சிருக்கும்."

"ஆணி இருக்கு" என்றேன். "நாலு ஆணி. உக்கினாலும் சிவப்புக் கறை இருக்கும்."

கறை இல்லை. சாம்பல், மஞ்சள், வெள்ளை எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தது. பெடியன்கள் இன்னும் இறங்கினார்கள். அப்போது கிடங்கின் பக்கச் சுவரில் இருந்து மண் பொலபொலவென்று விழுந்து, உள்ளே இன்னொரு சுவர் தெரிந்தது. மண்சுவர்தான். ஆனால் பாண் வெட்டிய மாதிரி நேரானது. மூலை சதுரமாகத் திரும்பியது.

என் மனுசன் அழுதுகொண்டு வெட்டிய கிடங்குக்கு நேரான சுவர் இருக்க நியாயமில்லை.

"நிப்பாட்டுங்க" என்று சொல்ல நினைத்தேன். அவர்கள் ஐந்து அடிக்குப் போனார்கள். அடியில் செங்கல். இரண்டு வரிசை, வளைந்து திரும்புகிற இடம். துரை தேடிய முடிவு. செங்கல்லின் மேலே பச்சை பிடித்த ஒரு இருபத்தைந்து சதம். பெடியன் எடுத்துத் துடைத்துத் தந்தான். அவர் கடைசியாக வந்த வருசம் அதில் இருந்தது.

சுவாமிக்கு விளங்கவில்லை. மகளுக்கு விளங்கியது. அந்தக் காசுக் கதையை எத்தனை தரம் என் வாயால் கேட்டவள்.

அடுத்த நாள் புத்தளத்துக்குப் போனேன். நானா மகள் வீட்டில் படுக்கையில். கண் தெரியாது, காது கேட்கும். காசைக் கையில் வைத்தேன். தடவிப் பார்த்தார். எங்கே கிடந்தது என்று சொன்னேன்.

"நீங்களா நானா வெட்டின?"

எழும்பி இருக்கப் பார்த்தார். "அல்லாஹ் மேல ஆணை, நான் இல்ல தங்கச்சி. அந்த மூணு நாளும் எல்லாருக்கும் லீவு எண்டு சொல்லி என்னயும் ஊட்டுக்கு அனுப்பிட்டாரு."

"அப்ப ஆரு?"

"ஆரு? அந்தக் கெழவன் தனியத்தான். மம்பட்டி புடிச்சுப் பழகாத கை. கையில துணி சுத்தியிருந்தாரே, மறந்திட்டீங்களா?" காசைத் திரும்பவும் தடவினார். "அண்டைக்கு ரெண்டாந்தரமும் வெயில்ல நிண்டாரு தானே. நான் லீவு முடிஞ்சு வந்து கேள்விப்பட்டன். என்ன களவு போயிருக்கும் எண்டு மணி, காசு, எல்லாத்தையும் எண்ணிப் பாத்தன் தங்கச்சி. ஒண்டும் கொறயல்ல."

நான் அந்தச் சின்னப் பெட்டியைக் கேட்டேன். நானாவுக்கு அதைப் பற்றித் தெரியாது. எனக்கு ஒன்று தெரியும். அங்கே இருந்து போன எல்லாப் பெட்டிக்கும் நம்பர் எழுதியவள் நான். அதற்கு மட்டும் நம்பர் எழுத என்னிடம் தரவில்லை.

மகள் கொழும்பில் மியூசியம் மாதிரி இரண்டு மூன்று இடத்துக்குக் கடிதம் போட்டாள். ஒரு இடத்தில் இருந்து மட்டும் போன் வந்தது. "பெட்டி நம்பர் என்ன அம்மா?" என்று போனில் பேசிய பெண் மரியாதையாகத்தான் கேட்டாள். நம்பர் இல்லை, சிவப்புக் கரைத் துணி இருக்கும், ஒரு மூலையில் ஒட்டு இருக்கும் என்றேன். எழுதிக்கொள்வதாகச் சொன்னாள். அவள் எழுதியிருப்பாளா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

படுக்கையில் கிடந்து நான் எல்லா விதமாகவும் நினைத்துப் பார்க்கிறேன். பிள்ளையை ஏதும் நல்ல இடத்தில் வைத்திருப்பார், ஒரு கோயிலில் ஒப்படைத்திருப்பார். அல்லது ஒரு தட்டில், தூசிக்குள், துணிக்கு மேல். நாற்பது வருசம் கழித்து வரப்போகிற யாரோ ஒருவன் ஏமாறக் கூடாது என்று காசு வைத்தார். முன்னால் நின்ற என்னிடம் "கயிறு உரஞ்சிவிட்டது" என்றார். வரப்போகிற அந்த ஆளும் நான்தான் என்று அவருக்குத் தோன்றவேயில்லையா? தோன்றியிருக்கும். அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

காணி எழுத நாள் வைத்துவிட்டார்கள். கிடங்கைத் திறந்து வைத்துக்கொண்டு விற்க முடியாது. பெடியன்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். வெள்ளைப் பெட்டி என் அலுமாரிக்குள் இருக்கிறது. சேமக்காலைக் குழியை மூட வேண்டாம் என்று கேட்டேன். மழை வந்தால் ஆடு விழும் என்று சுவாமி மேலே பலகை போட்டு வைத்திருக்கிறார்.

நான் கிடங்கின் ஓரத்தில் நின்றேன். மகள் கைப்பையைத் திறந்து, இந்த வருசத்துப் புதுப் பத்து ரூபாய்க் காசு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். அவள் நல்ல மனதோடுதான் செய்தாள்.

"போடுங்க அம்மா. அவர் போட்ட மாதிரி. போட்டா ஒங்களுக்கும் மனசு ஆறும்."

காசு மினுங்கியது. கையைக் கிடங்குக்கு மேலே நீட்டினேன். போட்டால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். திருப்பி அவளிடமே கொடுத்தேன்.

"நீ வைத்திரு மகள்" என்றேன். "நான் இன்னும் பார்த்து முடிக்கவில்லை."

பெடியன்களுக்குக் கையைக் காட்டினேன். மண் விழத் தொடங்கியது.